கோடையில் செவக்கும் மரவள்ளி

பச்சைமலையில், துறையூர் வட்டத்து வண்ணாட்டுப் பக்கம் மானாவாரியில் மரவள்ளி போடுறவன் நான். தை கடந்து மாசி பிறந்தா எங்க மலையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: "உங்க காடு செவந்துருச்சா?" அடுத்த கேள்வி, "என்ன மருந்து அடிக்கப் போறீங்க?" போன ரெண்டு மாசமா நம்ம இயக்கக் கூட்டத்துக்கு வர்ற புது ஆளுங்களும் இதையேதான் கேட்கிறாங்க. மலைக்குக் கீழே சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி போடுறவங்களுக்கும் இதே பாடுதான். அதனால எனக்குத் தெரிஞ்சதை, காட்டுல பார்த்ததை எழுதுறேன்.

இலை செவக்கிறது நோய் இல்லை. சத்துக் குறைபாடும் இல்லை. அது செம்பேன். சில ஊர்ல சிவப்புச் சிலந்தி, சிலந்திப்பேன் என்பாங்க. மருந்துக்கடையில 'மைட்ஸ்' என்பாங்க. இதைப் பூச்சின்னு சொல்றதே தப்பு. பூச்சிக்கு ஆறு கால், இதுக்கு எட்டு கால். சிலந்தி, தேள், உண்ணி இதெல்லாம் இதுக்குப் பங்காளிங்க. முட்டையிலிருந்து வர்ற குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும், தோல் உரிச்சதும் எட்டாயிடும். பெருசா வளர்ந்ததே அரை மில்லிமீட்டர்தான், ஊசி முனையளவு. பூச்சிக்குன்னு செஞ்ச நஞ்சு பலதும் இதுகிட்ட வேலை செய்யாததுக்கு முதல் காரணம் இந்தப் பிறப்பு வித்தியாசம்தான்.

இது இலையைக் கடிச்சுத் தின்னாது. வாயில இருக்கிற ஊசியால இலையின் ஒவ்வொரு அறையையும் குத்தி உள்ள இருக்கிற பச்சையத்தை உறிஞ்சிடும். குத்துன இடம் வெளுத்த புள்ளியா நிக்கும். நூறு புள்ளி சேர்ந்தா இலை சாம்பல் பூத்த மாதிரி இருக்கும், ஆயிரம் சேர்ந்தா செம்பு நிறம், அப்புறம் காய்ஞ்சு உதிரும். கூட்டம் பெருத்துட்டா இலைக்கு அடியில மெல்லிசா நூலாம்படை கட்டும். அந்த வலை இரை பிடிக்க இல்லை, முட்டையைப் பாதுகாக்க. இடம் போதாம போனா அதே நூலைப் பிடிச்சுக்கிட்டு காத்துல அடுத்த காட்டுக்குப் பறந்துடும். நம்ம வேட்டியிலயும் ஆட்டு முடியிலயும் ஒட்டிக்கிட்டும் போகும்.

இதோட பெருக்கக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டாதான் மத்ததெல்லாம் புரியும். வெயில் காலத்துல முட்டை பொரிஞ்சு, வளர்ந்து, மறுபடி முட்டை வைக்கிற பருவம் வர 8–10 நாள் போதும். ஒரு பெண் பேன் தன் ஆயுசுல நூறு முட்டை வரைக்கும் வைக்கும். ஆண் கூடச் சேராமலே முட்டை வைக்கும், அந்த முட்டையெல்லாம் ஆணாப் பிறக்கும், அந்த ஆணோட சேர்ந்து அடுத்த வம்சத்தைத் தொடங்கும். ஆக ஒரே ஒரு பெண் பேன் காட்டுக்குள்ள வந்தாப் போதும். நூறு முட்டையில 20 பெண்ணுதான் பிழைக்குதுன்னு வச்சுக்குங்க. அடுத்த தலைமுறையில 400, அதுக்கடுத்து 8,000. இத்தனையும் ஒண்ணேகால் மாசத்துக்குள்ள முடிஞ்சுடும். "நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, ஒரே வாரத்துல காடு எரிஞ்சுபோச்சு"ன்னு சொல்றாங்களே, அது பொய்யில்லை. நேத்தும் பேன் இருந்துச்சு, கண்ணுக்குத்தான் தெரியலை.

அப்படின்னா ஆடி, ஆவணியில ஏன் வர்றதில்லை? மழை. ஓங்கி ஒரு மழை பெஞ்சா பேனு, முட்டை, வலை எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடும். ஈரக் காத்துல இதுக்குப் பூசணமும் பிடிக்கும். மாசி, பங்குனி, சித்திரையில மழையும் இல்லை, காத்துல ஈரமும் இல்லை, செடியும் தண்ணியில்லாம வாடி நிக்குது. செம்பேனுக்குக் கல்யாண காலம் அதுதான். இன்னொரு காரணம் புழுதி. சோபனபுரத்துல இருந்து டாப் செங்காட்டுப்பட்டி ஏறுற மலைப்பாதை ஓரத்துக் காடுகளைப் பாருங்க. மங்களம் அருவி, கோரையாறு அருவின்னு சுற்றுலா வண்டி கூடக்கூட ஓரத்து ரெண்டு சால் செடி மேல புழுதி படிஞ்சு கிடக்கும். செம்பேன் முதல்ல பிடிக்கிறது அந்த ரெண்டு சாலைத்தான். புழுதி படிஞ்ச இலையில பேனைத் தின்னுற நல்லதுங்களால ஓடியாடி வேட்டையாட முடியாது. நான் காட்டைச் சுத்திப் பார்க்கும்போது பாதையோரத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன்.

மரவள்ளியில இருக்கிற செம்பேன் ஒரே சாதி இல்லை. நாலு வகைன்னு சொல்றாங்க. ரெண்டு வகை இலைக்கு மேல்பக்கம் இருக்கும், ரெண்டு வகை அடிப்பக்கம் இருக்கும். அதனால இலையைத் திருப்பிப் பார்த்துட்டு 'ஒண்ணுமில்லை'ன்னு போயிடாதீங்க, ரெண்டு பக்கமும் பாருங்க. 10 மடங்கு பெருசாக் காட்டுற கை லென்ஸ் ஒண்ணு பையில கிடக்கணும். மொபைல் கேமராவுக்கு மேல வச்சுப் பார்த்தாலும் தெரியும். லென்ஸ் இல்லேன்னா ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில பிடிச்சு ரெண்டு தட்டு தட்டுங்க. தாள்ல விழுந்த புள்ளி நகர்ந்தா அது பேன்.

மரவள்ளியில இலை கெடறதுக்கு வேற காரணமும் இருக்கு, குழப்பிக்கக் கூடாது. தேமல் நோய்னா இலையில மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டா இருக்கும், இலை கோணிச் சுருங்கிப் போயிருக்கும். அது வெள்ளை ஈயாலயும் நோய்க் குச்சியாலயும் பரவுற நச்சுயிரி. மாவுப்பூச்சின்னா நுனிக்குருத்து சுருண்டு முட்டைக்கோசு மாதிரி கொத்தாயிடும், வெள்ளை மாவு தெரியும். செம்பேன் பெரும்பாலும் முத்துன அடி இலையில தொடங்கி மேல ஏறும், புள்ளி ஊசி குத்துன மாதிரி பொடிசா இருக்கும். இது மூணும் இல்லாம, வறட்சி தாங்க மரவள்ளி தானாவே அடி இலையை உதிர்க்கிறதும் உண்டு. அந்த இலை புள்ளியில்லாம சீரா மஞ்சளாகி விழும். அதுக்குப்போயி மருந்து தேடாதீங்க.

இப்ப நஞ்சு விஷயத்துக்கு வர்றேன். எங்க பங்காளி ஒருத்தரு காடு எங்க காட்டுக்கு மேல இருக்கு. மாவுப்பூச்சிக்குன்னு கடையில கொடுத்த மருந்தை ரெண்டு தடவை அடிச்சாரு. மாவுப்பூச்சி கொஞ்சம் கொறைஞ்சுது. ஆனா மூணாவது வாரம் அவர் காடு மொத்தமும் செம்பு நிறமாச்சு. கடையில போய்க் கேட்டதுக்கு இன்னொரு மருந்து கொடுத்தாங்க. அதுக்கும் கடன். அந்த வருசம் கிழங்கு எடுத்த பணத்துல கடைக்காரருக்குப் போக, வண்டி வாடகை போக, அவர் கையில நின்னது ரொம்பக் கொஞ்சம். வரப்புக்கு இந்தப் பக்கம் எங்க காட்டுலயும் செம்பேன் இருந்துச்சு. ஓரத்துல, அடி இலையில, திட்டுத்திட்டா. அவ்வளவுதான்.

அது ஏதோ எங்க மலையில மட்டும் நடந்த அதிசயம் இல்லை. இரண்டாம் உலகப்போருக்கு முந்தி சிலந்திப்பேனைப் பெரும்பாலான பயிர்கள்ல பெரிய எதிரியா நினைக்கலை. போருக்கு அப்புறம் டி.டி.டி. தெளிக்க ஆரம்பிச்சாங்க, ஆப்பிள் தோட்டத்துல இருந்து பருத்திக் காடு வரைக்கும் சிலந்திப்பேன் பெருகிடுச்சு. காரணம் மூணு. ஒண்ணு, நஞ்சு பேனைத் தின்னுற வண்டையும் மத்த நல்லதுங்களையும் கொன்னுடுச்சு. ரெண்டு, பைரித்திராய்டு வகை மருந்துங்க பேனைக் கொல்லாதது மட்டுமில்லை, சில நேரம் அது கூடுதலா முட்டை வைக்கவும் காரணமாகுது. மூணு, தலைமுறைக்குப் பத்து நாள்ங்கிற வேகத்துல அது எந்த நஞ்சுக்கும் சீக்கிரம் பழகிடும். உலகம் முழுக்க இருக்கிற இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன் 90க்கும் மேற்பட்ட நச்சுப்பொருளைத் தாங்கிப் பழகியிருக்கு. வேற எந்தப் பூச்சிக்கும் அந்தப் 'பெருமை' வாய்க்கிறது கஷ்டம்.

பேனுக்குன்னே செஞ்ச நஞ்சும் ஒண்ணு இருந்துச்சு, டைக்கோஃபால். நம்ம ஊர்ல மரவள்ளி, மல்லிகை, கத்தரி, தேயிலைன்னு எல்லாத்துக்கும் பரிந்துரை பண்ணாங்க. அதைச் செய்யிறதே டி.டி.டி.யிலிருந்துதான். 2019ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில உலக அளவுல ஒழிக்க வேண்டிய நஞ்சுப் பட்டியல்ல சேர்த்தாங்க. 2023ல இந்திய அரசும் தடை செஞ்சது. எத்தனை வருசம் 'பாதுகாப்பானது'ன்னு கையில கொடுத்தாங்கன்னு நினைச்சுப் பாருங்க. இன்னும் யாராவது பழைய பாட்டில் வச்சிருந்தா எங்க மலையில அது எங்க போய்ச் சேரும்? மேல் காட்டுல அடிச்சது கீழ்ச் சுனையில. அந்தச் சுனைத் தண்ணியைத்தான் நாங்க குடிக்கிறோம்.

சைவமும் அசைவமும்

நம்ம கூட்டங்கள்ல சைவப் பூச்சி, அசைவப் பூச்சின்னு பிரிச்சுச் சொல்வாங்க. பேனுலயும் அதே பிரிவு உண்டு. இலைச்சாறு குடிக்கிறது சைவப் பேன். அதே அளவுல, அதே எட்டுக் காலோட, சைவப் பேனையும் அதோட முட்டையையும் தின்னுற அசைவப் பேன் ஒண்ணு இருக்கு. வித்தியாசம் கண்டுபிடிக்கிறது சுலபம். சைவப் பேன் மந்தமா, இருந்த இடத்துல இருக்கும். முதுகுல ரெண்டு பக்கமும் கருத்த புள்ளி தெரியும். அசைவப் பேன் பேரிக்காய் வடிவத்துல மினுமினுப்பா இருக்கும், லென்ஸுக்குள்ள நிக்கவே நிக்காது, இலை நரம்பு ஓரமா குடுகுடுன்னு ஓடும். வெள்ளைத் தாள்ல தட்டுனா மெதுவா நகர்றது சைவம், ஓடுறது அசைவம்.

அடுத்தது ஒரு குட்டிக் கருப்புப் பொறிவண்டு. கடுகைவிடச் சின்னது, ஒண்ணரை மில்லிமீட்டர்கூட வராது. அதுவும் அதோட புழுவும் சிலந்திப்பேனையே நம்பி வாழுதுங்க. இதைப் பார்த்துட்டு 'ஏதோ கருப்பு வண்டு இலையைத் தின்னுது'ன்னு மருந்து அடிச்சவங்களை எனக்குத் தெரியும். கண்ணாடி இறக்கைப் பூச்சியோட புழு, பேன் தின்னுற ஒரு வகை இலைப்பேன், இதெல்லாமும் உண்டு. ஆனா இந்தக் கருப்பு வண்டும் அசைவப் பேனும்தான் எங்க காட்டுல பெரிய வேலைக்காரங்க. சைவப் பேன் பெருகுன பிறகுதான் இதுங்க பெருகும், நடுவுல ஒரு பத்துப் பதினஞ்சு நாள் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில நமக்குக் கை பரபரக்கும். அந்தப் பதினஞ்சு நாளைத் தாண்டுறதுதான் இதுல கஷ்டமான காரியம்.

வெளிநாட்டுல இந்த அசைவப் பேனை வளர்த்து விக்கிறதே ஒரு தொழிலா நடக்குது. 1950களின் கடைசியில சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடிகளோட ஒரு அசைவப் பேன் தற்செயலாப் போய்ச் சேர்ந்துச்சு. அது சிலந்திப்பேனைத் தவிர வேற எதையும் பெருசாத் தின்னாது. அதைப் பிடிச்சு வளர்த்து, இன்னைக்கு ஐரோப்பாவுல கண்ணாடிக் கூடத்துத் தக்காளி, வெள்ளரிக்கு புட்டியில அடைச்சு விக்கிறாங்க. கனடாவுல 2018 அக்டோபர்ல இருந்து கஞ்சா வளர்ப்பு சட்டப்படி நடக்குது. இங்க நமக்கு அது 1985 சட்டப்படி குற்றம், அதுல மாத்துக் கருத்து வேண்டாம். அங்க மூடுன அறைக்குள்ள, விளக்கு வெளிச்சத்துல வளர்க்கிறாங்க. அவங்களுக்கும் பெரிய தலைவலி இதே இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன்தான். ஏன்னா அறைக்குள்ள மழை கிடையாது, வெக்கை உண்டு, வெளியில இருந்து ஒரு பொறிவண்டும் வராது. வருசம் முழுக்க மாசி மாசம் மாதிரி. புகைச்சு உள்ளிழுக்கிற பொருளுங்கிறதால கண்ட நஞ்சையும் அடிக்க அங்க அனுமதி இல்லை. அதனால அசைவப் பேனை விலைக்கு வாங்கி வாராவாரம் விடுறாங்க. நம்ம ஊர் பசுமைக்குடில்ல வெள்ளரி, ரோஜா போடுறவங்களுக்கும் இந்தக் கஷ்டம் அப்படியே பொருந்தும். கதவை மூடுனா நல்லதும் வெளியே நின்னுடும். திறந்த காட்டுக்காரனுக்கு அது இலவசமா வருது, வந்ததைக் கொல்லாம இருந்தாப் போதும்.

மரவள்ளிக்கே நடந்த கதை ஒண்ணும் சொல்லணும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த பச்சைச் சிலந்திப்பேன் ஒண்ணு 1971 வாக்கில் உகாண்டாவுல தெரிஞ்சது. அங்கேயிருந்து ஆப்பிரிக்காவுல மரவள்ளி விளையிற நாடெல்லாம் பரவிடுச்சு. மரவள்ளியையே சோறா நம்பி வாழ்ற சனங்க, மருந்து வாங்கப் பணமில்லை. பிரேசில்ல அந்தப் பேனை எது அடக்கி வைக்குதுன்னு தேடிப் போய், ஒரு அசைவப் பேனைக் கொண்டுவந்து 1993ல பெனின் நாட்டுல விட்டாங்க. அது பகல்ல மரவள்ளிக் குருத்துக்குள்ள பதுங்கிக்கும், ராத்திரியில இறங்கி வந்து இலையில வேட்டையாடும். அது பரவுன இடங்கள்ல பச்சைப்பேன் பாதியாக் கொறைஞ்சு, கிழங்கு மகசூல் மூணுல ஒரு பங்கு கூடுச்சுன்னு பதிவு பண்ணியிருக்காங்க. உழவருக்குச் செலவு ஒரு பைசா இல்லை. குருத்துல முடி அடர்ந்த ரகங்கள்லதான் அது நல்லாத் தங்குச்சுங்கிறதும் கவனிக்க வேண்டிய விசயம்.

இங்க நம்ம பக்கத்துலயும் அப்படி ஒண்ணு நடந்திருக்கு, பேனுக்கு இல்லை, மாவுப்பூச்சிக்கு. 2020ல கேரளத்துல முதல்ல தெரிஞ்ச மரவள்ளி மாவுப்பூச்சி சீக்கிரமே சேலம், நாமக்கல், எங்க மலைன்னு ஏறிடுச்சு. அதோட ஒட்டுண்ணிக் குளவியை பெனின் நாட்டுல இருந்தே வரவழைச்சு, பெங்களூருவில் இருக்கிற வேளாண் பூச்சி வள ஆய்வு நிறுவனம் பெருக்குச்சு. 2022 மார்ச் 7ல, எங்க மலைக்கு வடக்கே ஆத்தூர் பக்கம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்துல முதல்முதலா விட்டாங்க. இதை ஏன் இங்க சொல்றேன்னா, செம்பேனுக்குன்னு நீங்க அடிக்கிற நஞ்சு அந்தக் குளவியையும் கொல்லும். பேன் போறதுக்கு முந்தி குளவி போயிடும், மாவுப்பூச்சி திரும்ப வரும், அதுக்கு ஒரு மருந்து, அதனால மறுபடி செம்பேன். எங்க பங்காளி காட்டுல சுத்துனது இந்தச் செக்குதான்.

என்ன செய்யிறது?

முதல்ல பயிர் வயசைப் பாருங்க. மருந்துக்கடையில இதைக் கேட்கவே மாட்டாங்க. வைகாசி, ஆனி மழைக்கு நட்ட காடு மாசியில 8–9 மாசம். கிழங்கு பெருத்து முடியிற நேரம். அப்ப செம்பேன் வந்து அடி இலை போனா நட்டம் கம்மி. அதுக்கு நான் ஒண்ணும் செய்யிறதில்லை, வெட்டு நாளை மட்டும் யோசிப்பேன். ஏன்னா மில்லுல நமக்கு விலை எடைக்கு மட்டும் இல்லை, மாவுச்சத்து பாயிண்டுக்கும்தான். இலையெல்லாம் கொட்டுன செடி ஒரு கோடை மழை வாங்குச்சுன்னா புதுசாத் துளிர்க்கும். துளிர்க்க வேண்டிய சத்தை எங்கேருந்து எடுக்கும்? கிழங்குல இருந்து. பாயிண்ட் சரியும். அதனால முத்துன காடு செவந்துட்டா, கோடை மழைக்கு முந்தி வெட்டுறது ஒரு வழி. மழை முந்திக்கிட்டா துளிர்த்து, இலை முத்தி, மறுபடி கிழங்குக்குச் சத்து இறங்குற வரைக்கும் ரெண்டு மாசம் காத்திருக்கிறது இன்னொரு வழி. ரெண்டுக்கும் நடுவுல, துளிர் விட்டதும் அவசரப்பட்டு வெட்டி வண்டி ஏத்துறதுதான் நட்டம்.

புரட்டாசி, ஐப்பசியில நட்ட காடுன்னா கணக்கு வேற. மாசியில அதுக்கு 4–5 மாசம், கிழங்கு இறங்குற பருவம். இந்த நேரத்துல இலை போனா கிழங்கு சிறுத்துடும். இங்கதான் கை வைக்கணும். நான் வாரத்துக்கு ஒருதடவை காட்டுக்குள்ள குறுக்கா நடந்து இருபது செடி பார்ப்பேன், செடிக்கு அடி, நடு, மேல்னு மூணு இலை. அடி இலையில மட்டும் புள்ளி இருந்து கருப்பு வண்டோ ஓடுற பேனோ தெரிஞ்சா விட்டுடுவேன். நடு இலைக்கு ஏறியிருந்தா தண்ணி.

ஆமா, வெறும் தண்ணி. "தண்ணி அடிச்சேன், பேன் போயிடுச்சு"ன்னு நான் சொன்னா ஊர்ல சிரிக்கத்தான் செய்யிறாங்க. ஆனா திருவனந்தபுரத்துல 1963ல இருந்து இயங்குற மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் கேரள வேளாண் பல்கலைக்கழகமும் மரவள்ளிச் செம்பேனுக்கு முதல்ல சொல்றது இதைத்தான்: பேன் தெரிஞ்ச உடனே, 10 நாளைக்கு ஒருமுறை, இலையில வழிஞ்சு சொட்டுற அளவுக்குத் தண்ணி தெளிக்கிறது. கடுமையா இருந்தா நஞ்சுன்னும் அதே கையேட்டுல எழுதியிருக்கு; அதை நாம விட்டுடுவோம். மழை செய்யிற வேலையைத்தான் நாம கையால செய்யிறோம். நாசிலைக் கீழேயிருந்து மேல்நோக்கிப் பிடிச்சு, இலையின் அடிப்பக்கம் வேகமாப் படணும். மேலாகத் தூவுனா புழுதிதான் கழுவும், அதுவும் நல்லதுதான், ஆனா பேன் அப்படியே இருக்கும். மலையில மாசியில தண்ணிக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. காடு முழுக்க அடிக்க முடியாதுதான். பேன் திட்டுத்திட்டாத்தான் தொடங்கும். பாதையோரத்து ரெண்டு சால், பாறை ஓரத்துல வெக்கை அடிக்கிற இடம், வாடி நிக்கிற மேட்டுப் பகுதி, இந்த இடங்களுக்கு மட்டும் பேட்டரி தெளிப்பான்ல அடிச்சாலே பரவுறது நிக்கும். சுனையிலிருந்து சுமந்து கொண்டு வர்ற தண்ணியிலதான் நாங்க இதைச் செய்யிறோம். பேன் இருக்கிற இடத்துக்குக் கடைசியாப் போங்க. முதல்ல அங்க போய்ட்டு நல்ல செடிக்குள்ள நடந்தா நீங்களே பேனைச் சுமந்து போறீங்க.

ரெண்டு தடவை தண்ணி அடிச்சும் மேல ஏறுச்சுன்னா வேம்பு. 10 லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. நல்லா இடிச்சு, துணியில கட்டி, ஒரு லிட்டர் தண்ணியில ராத்திரி ஊறப்போட்டு, காலையில பிழிஞ்சு வடிகட்டி, மீதித் தண்ணி சேர்க்கணும். நெல்லிக்காய் அளவு காதி சோப்பைக் கரைச்சு ஊத்துனாதான் இலையில ஒட்டும். பருப்பு இல்லேன்னா வேப்பெண்ணெய், 10 லிட்டருக்கு 200லிருந்து 300 மில்லி, அதே சோப்பு. எண்ணெயும் தண்ணியும் பிரியாம கலங்கி வெள்ளையா நிக்கணும். எண்ணெய் மேல மிதந்தா அந்த இடத்து இலை கருகும். சாயங்காலம் வெயில் தணிஞ்ச பிறகு அடிங்க. ஒரு தடவை அடிச்சுட்டு விடக் கூடாது. அன்னைக்கு முட்டையா இருந்தது பொரிஞ்சு வந்து, வளர்ந்து முட்டை வைக்கிறதுக்குள்ள, 5–7 நாள்ல மறுபடி அடிக்கணும். 'வேம்பு அடிச்சேன், கேட்கலை'ன்னு சொல்றவங்க முக்காவாசிப்பேர் ரெண்டாவது தடவை அடிக்காதவங்க. எங்க மலை மேல வேப்பமரம் கம்மி. ஆனி, ஆடியில கீழ சோபனபுரம், உப்பிலியபுரம் பக்கம் கொட்டை பொறுக்கிக் காயவச்சுக்குவோம்.

நனையும் கந்தகம் பத்திக் கேட்கிறாங்க. அங்கக வேளாண்மைச் சான்றிதழ் விதியில அதுக்குக் கட்டுப்பாட்டோட இடம் உண்டு, செம்பேனும் அதுக்குக் கேட்கும். 10 லிட்டருக்கு 20–25 கிராம். ஆனா அது அசைவப் பேனையும் சேர்த்து வாட்டும், உச்சி வெயில்ல அடிச்சா இலை வேகும். வேப்பெண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள அடிக்கவே கூடாது, ரெண்டும் சேர்ந்தா இலை பொசுங்கிடும். என் காட்டுக்குள்ள நான் இதை விடுறதில்லை. பசுமைக்குடில்காரங்களுக்கு வேற வழியில்லாதப்போ பயன்படலாம்.

சாம்பல் தூவுறதை எங்க பெரியவங்க பல பயிருக்குச் சொல்வாங்க. அசுவினிக்குச் சரிதான். செம்பேனுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். புழுதி எதனால பேனுக்குச் சாதகமோ, அதே காரணம் சாம்பலுக்கும் பொருந்தும். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசலை ரெண்டு வருசம் அடிச்சுப் பார்த்தேன். அதுல இருக்கிற தண்ணி செஞ்ச வேலை எவ்வளவு, மிளகாய் செஞ்ச வேலை எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியலை. செலவில்லாம வீட்டுல இருந்தா அடிங்க, இதுக்குன்னு காசு போட வேண்டாம்.

உரத்துலயும் ஒரு விசயம் இருக்கு. யூரியா மாதிரி தழைச்சத்தைக் கொட்டுன செடியில இலை கொழுகொழுன்னு இருக்கும், அந்தச் சாறு குடிச்ச பேன் கூடுதலா முட்டை வைக்கும். இது பலமுறை சோதிச்சு நிரூபிச்ச விசயம். நம்ம ஆளுங்க ரசாயனம் போடாட்டியும், பச்சைக் கோழி எருவை மூட்டை மூட்டையாக் கொட்டுறவங்க இருக்காங்க. விளைவு அதேதான். மக்குன தொழுவுரம், நடவு சால்களுக்கு நடுவே முதல் மூணு மாசத்துல தட்டைப்பயறு, அதை அறுத்து அங்கேயே மூடாக்கு. மூடாக்கு போட்ட காட்டுல புழுதி எழும்பாது, மண்ணும் சீக்கிரம் காயாது. வரப்புல சாமையோ சோளமோ நாலு சால் பாதைப்பக்கமா இருந்தா அதுவே புழுதிக்குத் தட்டி. ஊடுபயிரா கத்தரி, வெண்டை, ஆமணக்கு வேண்டாம், அதுலயும் இதே செம்பேன் பெருகும். பப்பாளியும் அப்படித்தான்.

கடைசியா விதைக்குச்சி. வெட்டு முடிஞ்சு அடுத்த நடவு வரைக்கும் குச்சியை நிழல்ல நட்டமா நிறுத்தி வைப்போம். அதுல துளிர்க்கிற இலையில செம்பேனும் மாவுப்பூச்சியும் கோடை முழுக்கக் குடியிருக்கும், அப்படியே புதுக் காட்டுக்கு வந்துடும். தேமல் இல்லாத, செவக்காத செடியைப் பூ நிற நூல் கட்டி தையிலேயே அடையாளம் வச்சுக்குங்க. அந்தக் குச்சியை மட்டும் தனியா வைங்க. நடறதுக்கு முந்தி துளிர்த்த இலையெல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு, குச்சியைத் தண்ணியில அலசி நடுங்க. முள்ளுவாடியோ, தாய்லாந்தோ, குங்குமரோஸோ எந்த ரகமானாலும் இது பொது. உருவுன இலையைக் காட்டுலயே போடாம எருக்குழியில போட்டு மண் தள்ளுங்க. ஆடு, மாடு வாய் வைக்கிற இடத்துல கிடக்க விடாதீங்க, பச்சை மரவள்ளி இலையில நஞ்சு இருக்கு.